நாமும் நாங்களும்

முதலில் தப்பாகப் பட்டது ஒரு சொல்தான். தீவில் வந்து இறங்கிய மறுநாள் காலை, விடுதி மாடியில் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே அவள் கணவன், "ஞாயித்துக்கிழமை நாங்க கிளம்புறப்ப படகுல கூட்டம் அள்ளும்," என்றான். மாடியில் இருந்தது அவனும் அவளும் மட்டும்தான். மகள் கீழே மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அடுத்தவர் எழுதிய பக்கங்களில் விட்டுப்போன புள்ளியையும் தொலைந்துபோன துணைக்காலையும் பொறுக்கிப் பொறுக்கி, வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் அவளுக்குள் ஒரு சிவப்பு மை தயாராகிவிடும். "உன்கிட்ட சண்டை போடணும்னாகூட இலக்கணம் படிச்சிட்டு வரணும்," என்று கணவன் கிண்டலடிப்பான். ஆறு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் சுண்டெலி, நாம, நாங்க என்ற இரண்டு சொல்லையும் போட்டுக் குழப்பிக்கொள்வாள். கடைக்குக் கிளம்பும்போது, "அம்மா, நாங்க போலாமா?" என்பாள். "நாமன்னா நான் உள்ள. நாங்கன்னா நான் வெளிய. என்னைக் கூட்டிட்டுப் போறியா, விட்டுட்டுப் போறியா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். அது அந்த வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. யார் தப்பாகச் சொன்னாலும் மற்ற இருவரும் "வெளிய! வெளிய!" என்று கை தட்டுவார்கள்.

"நாங்களா? அப்ப நான் நீந்தியா வரணும்?" என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். "வாய் தவறிடுச்சு," என்றான்.

பிள்ளைகளோடு போக இதைவிடத் தோதான ஊர் கிடையாது என்று தேடிப் பிடித்துச் சொன்னதும் அவன்தான். பொய் சொல்லவில்லை. கரையை ஒட்டி ஒரே தெரு, தெரு முழுக்க வெள்ளையடித்த விடுதிகள், நிழலுக்குத் தென்னை, நாள் முழுவதும் எங்கோ ஒரு குழாய் சொட்டுவதுபோல் கேட்கும் தண்ணீர்ச் சத்தம், வெயிலில் காயும் துணியின் சோப்பு வாசனை, அதற்கு அடியில் நாள்பட்ட ஈரத்தின் மக்கல் வாசனை. கடலில் அலை என்று ஒன்று கிடையாது. எவ்வளவு தூரம் நடந்தாலும் பிள்ளைக்கு இடுப்பு நனையாது. இங்கே ஒரு குழந்தைகூட மூழ்கியதில்லை என்று படகுக்காரர் அடித்துச் சொன்னார்.

அவளுக்கு அது காதில் தேனாக விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் கிடந்து, பெரிய டாக்டரே கையை விரித்த பிறகு பிழைத்து எழுந்த பிள்ளை சுண்டெலி. அந்த நாட்களில் கணவன் மருந்து தேடி எங்கெங்கோ அலைந்துவிட்டு வந்தான். அவன் வாசலில் கால் வைத்த வேளையில்தான் பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டது. அன்றிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சரிதான். பிள்ளையைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், மூவரும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு ஓர் ஆசையும் கிடையாது.

சாயங்காலமானால் அந்த ஊர்ப் பெண்கள் கடலில் இறங்கி நிற்பார்கள். விடுதிக்கார அம்மா, சலவைக்காரி, பழக்கடைக்காரி, எல்லோரும் கணுக்கால் தண்ணீரில், கை நீட்டினாலும் தொட முடியாத தூரத்தில், கரை நெடுக வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்பார்கள். பேச மாட்டார்கள். அவர்களுக்கும் கரைக்கும் நடுவே பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடும்.

"என்னம்மா இது, வேண்டுதலா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சும்மா ஒரு காவல்தான் கண்ணு," என்றாள் விடுதிக்கார அம்மா. "நாம நின்னாதான் தண்ணி அடங்கியிருக்கும்."

நாம. சிவப்பு மை தயாரானது. நாங்க என்று அல்லவா சொல்ல வேண்டும்? அசலூர்க்காரர்கள் பேசிப் பேசிக் கொச்சையாகியிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் வரிசையில் ஓரிடத்தில் ஒரு பல் விழுந்ததுபோல் இடைவெளி இருந்தது. எல்லோரும் சமதூரத்தில் நிற்க, அங்கே மட்டும் யாருமில்லை. அந்த ஓர் ஆள் அகலத் தண்ணீர் மட்டும் சுழித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தெருவில் ஓடும் பிள்ளைகள் எல்லாம் விடுதியில் தங்க வந்தவை. ஊருக்கென்று ஒரு பிள்ளை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் பெண்களுக்குப் புருஷனும் கிடையாது. வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் அவர்கள் நடந்த தரையில் ஈரக் காலடி. விடுதிக்கார அம்மா தேநீர் வைக்கக் குனிந்தபோது அந்த அம்மாவின் பாதத்தை அவள் பார்த்தாள். வெளுத்து, ஊறி, சுருங்கிப்போயிருந்தது, நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி.

அன்று குளித்துவிட்டுத் தன் காலைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். துண்டு நனைந்துகொண்டே இருந்தது. குதிகாலில் தோல் மடிந்து கிடந்தது. படுக்கையில் அவள் கால் நீட்டும் இடம் காலையில் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. கணவன் அதைப் பார்த்தான், போர்வையை இழுத்து மூடினான். அன்றிலிருந்து சுண்டெலியை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தித் தன்னோடு படுக்கவைத்துக்கொண்டான்.

 இந்தக் கடல் பிள்ளையைக் கேட்கிறது என்றே அவள் நினைத்தாள். சுண்டெலியைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. விரலைப் பிடித்தபடியே இருந்தாள். பிள்ளையின் கால் நன்றாகக் காய்ந்து, மணல் ஒட்டி, சூடாக இருந்தது. தன் காலைப் பற்றிய பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் இறங்கும்போது கீழே பேச்சுக் குரல் கேட்டது.

"போன தடவை தனியா வந்தீங்களே தம்பி, அப்ப பேய் மழை. முட்டி வரைக்கும் நனைஞ்சு நின்னு அழுதீங்க," என்றாள் விடுதிக்கார அம்மா. "பிள்ளை இப்ப நல்லா தேறிடுச்சு."

கணவன் ஏதோ முனகினான்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்து தேடிப் போய் வந்த அன்று அவன் கால்சட்டை முட்டி வரை நனைந்திருந்தது. அவர்கள் ஊரில் அப்போது கொளுத்தும் கோடை. அந்த ஈரத்தை அவள்தான் பிழிந்து காயப்போட்டாள். ஊரெல்லாம் பிழை பிடிப்பவள், தன் வீட்டுக்குள் கிடந்த பிழையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

அறைக்குள் வந்தவனிடம் கத்தவில்லை. "இங்க வந்து என்ன சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் சுவரைப் பார்த்தான். "பிள்ளை பிழைக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுலேர்ந்து ஒருத்தர் இங்க வேணும்னாங்க. நான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல. உன்னைச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேட்டிருந்தா நானே வந்திருப்பேனே! நம்ம பிள்ளைக்குன்னா நான் மாட்டேன்னு சொல்வேனா?"

"தெரியும்," என்றான். "நீ சரின்னுதான் சொல்லுவ. சொல்லிட்டு ரெண்டு வருஷம் என் மூஞ்சியைப் பார்ப்பியே. அதான் கேக்கல."

அவளுக்குச் சாவு பயமாக இல்லை. இரண்டு வருடம் அவனுக்குச் சோறு போட்டது, அவனைச் சாமி மாதிரி பார்த்தது, அவன் ஜோக்குக்கெல்லாம் சிரித்தது, அதுதான் பொறுக்கவில்லை. தானாகக் கொடுத்திருக்க வேண்டியதைத் திருடிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறான். சீ, என்று வாய்விட்டுச் சொன்னாள். போய் மகளைக் கட்டிக்கொண்டு படுத்தாள். விடிந்ததும் பிள்ளையோடு படகேறிவிடுவது என்று முடிவு செய்தாள். யார் தடுப்பார்கள், பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். படகுத்துறை மரப்பலகை காலைச் சுட்டது. அவள் பின்னால் ஈரக் காலடிகள், சுண்டெலியின் கை அவள் பிடியில், கணவன் பையோடு முன்னால். வலப்பக்கம் தண்ணீரில் பெண்கள். பகலிலேயே நின்றிருந்தார்கள். முதல் முறையாகக் கரையைப் பார்த்து.

படகுக்காரர் கை நீட்டினார். இன்னும் ஓர் எட்டு.

கணவன் குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டான். "அம்மாகிட்ட சொல்லிட்டு வா."

"அம்மா, நாம போலாம்!" என்றாள் சுண்டெலி.

அவளுக்கு உயிர் வந்தது. ஒரு காலைத் தூக்கினாள்.

"தப்பு," என்றான் அவன். பிள்ளையின் சட்டை ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். "சரியா சொல்லு குட்டி. நாங்க."

"சொல்லாத!" என்று அவள் கத்தினாள். "சுண்டெலி, வேணாம்டி!"

பிள்ளைக்கு விளையாட்டு புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையையும் தட்டினாள்.

"நாங்க போறோம்! நீ வெளிய! அம்மா வெளிய!"

தூக்கிய கால் இறங்கியது. பலகையில் இல்லை.

தண்ணீர். கணுக்கால் வரை. இளஞ்சூடு.

எப்படி வந்தாள், தெரியவில்லை. காலைப் பெயர்த்தாள். வரவில்லை. விரல்களுக்கு நடுவே மணல் இறுகியது. படகு சிறுத்துக்கொண்டே போனது. சுண்டெலி இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள். பிறகு அழுதாள். அதுவும் கேட்டது. கடைசி வரை கேட்டது.

"அழாத கண்ணு," என்றாள் பக்கத்தில் நின்ற விடுதிக்கார அம்மா. "இப்ப நாமதான்."

அடுத்த படகு வந்தது. குடும்பங்கள் இறங்கின. பிள்ளைகள் கூச்சலிட்டபடி தண்ணீருக்கு ஓடி வந்தன. கரையில் ஓர் இளம்பெண் தன் கணவனோடு துண்டை விரித்துக்கொண்டிருந்தாள். அவன் கடலைப் பார்க்காமல் துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

"நாங்க கிளம்புறப்ப கூட்டமா இருக்கும்," என்றான்.

அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்தாள்.

இவள் வாயைத் திறந்தாள். ஓடு. இப்பவே ஓடு. தொண்டை வரை வந்தது. வரிசையில் அத்தனை வாயும் அவளோடு சேர்ந்து திறந்தன.

"பயப்படாம இறங்கும்மா," என்றது அவள் வாய். "இங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அவளுக்கு இடப்பக்கம் தண்ணீர் லேசாகச் சுழித்தது. அங்கே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.