வெள்ளி உடைக்காரரின் பங்கு

நான் சொல்வதில் பாதி புளுகு என்று கிழக்கு லண்டனில் எங்கள் பிளேஸ்டோ முழுவதும் பேச்சு. வேலையிலிருந்து இளைப்பாறியவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் இது மற்றப் பாதி.

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில், லண்டனின் சூதாட்ட விடுதிகள் நெருக்கியடிக்கும் மூலையில் இருந்த ஒரு ஹோட்டலுக்குக் கிறிஸ்துராஜா என்னை இழுத்துப்போனான். பெற்றோல் ஷெட்டில் என்னோடு ஷிப்ட் பார்த்தவன். விஞ்ஞானக் கதை என்றால் அவனுக்குச் சோறு தண்ணி தேவையில்லை. அங்கே அந்தக் கதை ரசிகர்களின் மாநாடு. நிலத்துக்குக் கீழே கசினோ, மேலே செவ்வாய்க் கிரகம். வீட்டைத் தோற்ற முகத்தோடு ஏறி வருகிறவர்களும், பச்சைச் சாயம் பூசிய முகத்தோடு இறங்கி வருகிறவர்களும் ஒரே லிப்டில் முட்டிக்கொண்டார்கள். கம்பளத்தில் குழந்தை விழுந்தால் தோண்டித்தான் எடுக்கவேண்டும், அவ்வளவு தடிப்பு.

மத்தியானம் பின்பக்கப் படிக்கட்டில் குந்தி, அவன் மனைவி றோஸ்மலர் கட்டித்தந்த மீன் கட்லெட் பார்சலைப் பிரித்தோம். கட்லெட்டைப் பிய்த்துப் பெரிய துண்டை மற்றவன் பக்கம் தள்ளுவது கிறிஸ்துராஜாவின் பழக்கம். அன்றும் தள்ளினான்.

மேல்படியில் ஒருவர் நின்றார்.

வெள்ளி நிற விண்வெளி உடை. கறுத்தக் கண்ணாடி மூடிய தலைக்கவசம். குளிர்பெட்டிக்குள் நெடுநாள் கிடந்த இரும்பைப் போல ஒரு மணம். மாநாட்டு வேடக்காரர்தானே என்று நான் பேசாமல் மென்றேன்.

கிறிஸ்துராஜாவால் முடியவில்லை. "ஆரும் பாத்துக்கொண்டு நிக்க எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்காது அண்ணை," என்றான். தன் துண்டை மேலே நீட்டினான்.

"வாங்கோ, சாப்பிடுங்கோ."

தமிழில்தான் சொன்னான். நீட்டிய கை எந்தக் கிரகத்துக்காரருக்கும் விளங்கும்.

கையுறை வாங்கியது. கண்ணாடி மேலே உயர்ந்தது.

உள்ளே முகம் இல்லை. தலைக்கவசத்தின் பின்பக்கத் தையல் மட்டும் தெரிந்தது.

கட்லெட் உள்ளே போனது. மெல்லும் சத்தமே கேட்கவில்லை.

எனக்குச் செருப்பு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஓடிய ஓட்டத்தில் தேம்ஸையே பாலமில்லாமல் தாண்டியிருப்பேன்.

அடுத்த கிழமையிலிருந்து கிறிஸ்துராஜா மெலியத் தொடங்கினான். நன்றாகத்தான் பசித்தது, மூன்று வேளையும் உட்கார்ந்தான். ஆனால் அவன் கை தொடுமுன்னே தட்டில் சோறு குறைந்தது. றோஸ்மலர் உருட்டி ஊட்டிப் பார்த்தாள். அவள் விரலுக்கும் அவன் உதட்டுக்கும் நடுவில் கவளம் காணாமல் போனது. பட்டப்பகலில், என் கண் முன்னே.

ஆர்ச்வே முருகன் கோயிலில் விபூதி வாங்கி வந்தேன். றோஸ்மலர் சேர்ச்சிலிருந்து சுவாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்தாள். டொக்டர் இரத்தத்தை வாளி வாளியாக எடுத்துச் சோதித்து, ஒரு நோயும் வருத்தமும் இல்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் குழாய் வழியே உணவு ஏற்றினார்கள். பை காலியாகும். அவனுக்குள் ஒன்றும் சேராது. நாங்கள் இரண்டு பக்கமும் கதிரை போட்டு உட்கார்ந்து, பை காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு என்ன செய்ய?

"கால்மாட்டிலை நிக்கிறார் அண்ணை," என்றான் ஒரு மத்தியானம்.

"போகச் சொல்லடா."

அவன் தலையணையில் மெல்லத் தலையசைத்தான்.

"சாப்பிட வாங்கோவெண்டு நான்தானே கூப்பிட்டனான். கூப்பிட்ட வாயாலை எப்பிடிப் போகச் சொல்லுறது?"

றோஸ்மலர் சொல்லிப் பார்த்தாள். அழுது, கும்பிட்டு, கால்மாட்டைப் பார்த்துத் திட்டியும் பார்த்தாள். அவள் கூப்பிடாத விருந்தாளி அவள் சொல்லை எங்கே கேட்பார்?

தை மாதம் அவன் சவப்பெட்டியைத் தூக்கினோம். ஒற்றைக் கையால் தூக்கியிருக்கலாம். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

இப்போது நான் தனி ஆள். ஞாயிறு தவறாமல் றோஸ்மலர் கட்லெட் கொடுத்தனுப்புவாள். கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். யார் பார்த்தாலும் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட.

போன ஞாயிறு தட்டில் கட்லெட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்தபோது அறையில் குளிர்ந்த இரும்பின் மணம்.

கட்லெட்டை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை. அது மூன்றாகப் பிய்ந்து கிடந்தது.

பெரிய துண்டு என் பக்கம் தள்ளியிருந்தது.