மூன்றாவது குரல்

விமானக் கம்பெனிகளைச் சோதிக்கும் அரசாங்க அதிகாரி ராமையாவை எந்த விமான நிலையத்திலும் யாரும் சிரித்து வரவேற்றதில்லை. அவர் தலையைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும். மனைவி இறந்த பிறகு வீட்டிலும் அதே கதைதான். அதனால், மலை ஊரான தானா ராத்தாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தனியாகத் தங்க வேண்டும் என்றபோது அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

போன மாதம் அந்த மலையில் ஒரு சிறிய விமானம் விழுந்திருந்தது. விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி சத்தமே போடவில்லை. பயங்கர மோதல், கருவி நொறுங்கிவிட்டது, விமானியும் அந்தக் கணமே போய்விட்டான் என்று கம்பெனி சாதித்தது. விமானியான அந்த ஈப்போக்காரப் பையன் கொஞ்ச நேரமாவது உயிரோடு இருந்தான் என்று தெரிந்தால் போதும், புளுகு உடைந்துவிடும்; கருவி முதலிலிருந்தே பழுது என்றாகிவிடும். அதே மாதிரிக் கருவியோடு நாளைக் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவிருக்கும் மற்ற விமானங்களை அவர் நிறுத்திவிடலாம்.

மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. ஈரமண் வாடையும் பச்சைத் தேயிலை வாடையும் மூக்கில் ஏறின. விமானம் விழுந்த இடத்துக்கு வழிகாட்ட வந்த, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இருளப்பன் பாதி வழியிலேயே நின்றுகொண்டான். அன்று ஏதாவது கேட்டதா என்று ராமையா எத்தனையோ விதமாக விசாரித்தார்.

"கேட்டுச்சு சார்," என்றான் கடைசியில். "பனிக்குள்ளேருந்து 'அண்ணே'ன்னு."

"போய்ப் பாக்கலையா?"

"பேயின்னா ரெண்டு தடவதான் கூப்பிடும் சார். மனுசன்தான் மூணாவது தடவையும் கூப்பிடுவான். ரெண்டு தடவ கேட்டுச்சு. மூணாவதுக்கு லயத்து வீட்டுச் சனமே காத்துக்கிட்டு இருந்துச்சு லா."

கூப்பிடவில்லை.

ராமையாவுக்குக் கோபம் வரவில்லை. பதில் சொல்ல ஆளில்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் விழுந்த பிறகும் பையன் உயிரோடு இருந்திருக்கிறான்.

பங்களாவுக்குத் திரும்பியதும் கோலாலம்பூர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். கம்பெனியின் எல்லா விமானங்களையும் நிறுத்தும் உத்தரவை அவர் சொல்லச் சொல்ல, கிளார்க் சாரதா எழுதிக்கொண்டாள்.

"இப்பவே அனுப்பிடுறேன் சார்," என்றவள் கொஞ்சம் தயங்கினாள். "அங்க யாரோ உங்களை 'அண்ணே'ன்னு கூப்பிடுறாங்க. தம்பியா?"

அவருக்குத் தம்பி கிடையாது. பங்களாவில் வேறு ஆளும் கிடையாது.

"எத்தன தடவம்மா கூப்பிட்டான்?"

"ரெண்டு தடவ சார்."

போனை வைத்தார்.

அறையில் பெட்ரோல் வாடை.

மூன்றாவது குரலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "இருக்கேன் தம்பி. வா," என்றார்.

பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.