முழுப் பெருவிரல்

ஆஸ்பத்திரியில் சுற்றிவிட்ட கட்டை அவிழ்த்தபோது சிவசாமியின் இடதுகைப் பெருவிரல் முழுதாக இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு நுனி போன விரல் அது. இப்போது நகமும் சதையும் குறையாமல் இருந்ததை பிரேமினி வெகுநேரம் பார்த்தாள். பிறகு புருசனுக்குச் சுடுதண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

குளவி கிளம்பினால் ஓடக்கூடாது, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைக்கடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும். வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். குளவி கிளம்பிய அன்று ஐந்தாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டிய ஆண்கள் அப்படித்தான் படுத்தார்கள். லொறியில் ஏற்றியவர்களும் படங்கோடு சுருட்டித்தான் ஏற்றினார்கள். வார்டில் வரிசையாகக் கிடந்த முகங்களில் கண் எது, மூக்கு எது என்று கடவுளுக்கே தெரியாது. "ஒங்க ஆளு யாருங்க?" என்று கேட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் கையால் சிவப்பு நூல் போட்டுத் தைத்த படங்கைக் காட்டினாள்.

வீக்கம் வடிய வடிய அவர் முகம் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ போலவே ஆகிக்கொண்டு வந்தது. தகரத்தில் மழை அடிக்க, அடுப்புப் புகை கூரைக்குக் கீழே தேங்கி நிற்க, எதிர்ச் சுவரில் நாற்காலியை ஒட்டிப் போட்டு, நாள் முழுக்க அவர் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். நரை இல்லை. நெற்றியில் கோடு இல்லை. வாய்விட்டுக் கேட்டால் என்ன ஆகும்? தாலியைக் கழற்ற வேண்டிவரும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. பயம் வர வேண்டிய இடம், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது. சோறு போட்டு வைத்தாள். சாப்பிட்டாரா என்று பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் மழைக்கு ஒதுங்கிய பெரிய பூச்சி ஒன்று கதவில் ஒட்டிக்கொண்டது. காய்ந்த இலை போலத்தான் இருந்தது. அவர்களுடைய நாலு வயது மகள் சுலக்ஷனா ஈர்க்குச்சியால் தொட்டதும் மேல் ரெக்கை விலகி, உள்ளே மஞ்சள் வளையம் போட்ட இரண்டு கண்கள் முழித்தன. பிள்ளை பயந்து பின்வாங்கினாள்.

"அது கண்ணு இல்லடி. ரெக்கையில இருக்குற புள்ளி. குருவிய ஏமாத்துறதுக்கு," என்றாள் பிரேமினி.

"குருவி நம்புமா?"

வீட்டுக்கு வந்து அவர் பேசிய முதல் பேச்சு. குரல் அச்சாக அவருடையதுதான்.

"நம்பும்ங்க."

"நெசம் தெரிஞ்சாலும்?"

அவள் கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க வெளியே போனாள்.

அவர் வீட்டுக்கு வந்த பதினோராம் நாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக்காம்பராவில் காய்ச்சல் பரவியிருந்ததால், மகளை அவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பத்து மணிக்கே பனி இறங்கி மலையை மூடிவிட்டது. பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காளியாயி போனை மடியில் சொருகிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அஞ்சாம் நம்பர் தண்ணிக் கானுக்குள்ள ஒரு ஆளு செத்துக் கெடக்குறானாம். பல நாளு ஆச்சாம்."

"யாருன்னு தெரியுமா?"

"மொகம் தெரியலயாம். எடது பெருவெரல்ல நுனி இல்லயாம்." காளியாயி அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ஒங்க வீட்டுக்காரரு வீட்டுலதான இருக்காரு?"

பிரேமினி கூடையை அப்படியே போட்டாள். கால் ஓடியது. நெஞ்சுக்குள் ஒன்றும் ஓடவில்லை. புள்ள, புள்ள என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தது.

லயத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். மக்கிய இலை வாடை. ஈரம்.

நடுவீட்டுக்கு இழுத்துப் போட்ட நாற்காலியில், கதவைப் பார்த்து அவர் உட்கார்ந்திருந்தார். கண் அவள் மேல். இமைக்கவில்லை. இந்தப் பதினொரு நாளில் ஒருமுறைகூட இமைத்து அவள் பார்த்ததில்லை. முதுகைக் காட்டியும் பார்த்ததில்லை.

"புள்ள எங்க?"

உதடு அசையவில்லை.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து சுலக்ஷனா சிரித்தாள்.

"அம்மா, இங்கிட்டு வந்து பாருங்க. அப்பா இங்கிட்டு முழிச்சிருக்காரு."

அவருடைய சட்டைக்குப் பின்னால் ஏதோ விரிந்தது. மெதுவாக. பிறகு மூடியது.

சிரிப்பு நின்றது. முன்னாலிருந்த முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.