பூவராகனின் நிழலுடல்

செவ்வாய்க் கிரகத்தில் மாத்திரை விழுங்கும் தொல்லை ஒழிந்து வெகுகாலமாகிவிட்டது. விலாவுக்குக் கீழே பதித்திருக்கும் மருந்துக்குமிழ் விடிந்ததும் தானாகக் கசியும். "கொழுப்பு கட்டுக்குள் இருக்கிறது" என்று காதோரம் சொல்லும். பனிக்கட்டி லாரி ஓட்டும் பூவராகன் அந்தக் குரலில்தான் தினமும் கண் விழிப்பார். ஒரு நாள் குமிழ் இன்னொன்றும் சொன்னது: "சர்க்கரை ஏறுகிறது."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொழுப்பைக் குறைக்கும் மருந்தால் உடம்பு இன்சுலினின் சொல்பேச்சைக் கேட்காமல் போய்விடும் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வதை அவரும் கேட்டிருக்கிறார். சர்க்கரை எல்லை தாண்டினால் லைசென்ஸ் போகும். மருந்தை நிறுத்தினாலோ, ஏற்கெனவே ஒருமுறை அடைத்துக்கொண்ட இதயம் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

"இந்தக் குமிழைக் கழட்டிருங்க டாக்டரம்மா," என்றார், மருத்துவமனையில் உட்கார்ந்ததும்.

"சும்மா இருங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும்," என்று மனைவி தமயந்தி அதட்டினாள்.

டாக்டர் மெர்சி திரையில் அவருடைய நிழலுடலை வரவழைத்தார். குடியேறிய ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் இப்படி ஒரு நிழலுடல் உண்டு. அதே மரபணு, அதே கல்லீரல், அதே வயது. பூவராகனுக்குப் போன மருந்தெல்லாம் அதே அளவில் அதற்கும் போயிருந்தது.

"திரையில இருக்கிற இவருக்குச் சர்க்கரை ஒரு துளிதான் ஏறியிருக்கு. இந்த மருந்துக்கு அந்த அளவு ஏறலாம், பயப்பட ஒண்ணுமில்ல. உங்க இதயத்துக்கு இது அவசியம், நிறுத்தாதீங்க. உங்க சர்க்கரையையும் இறக்கிடலாம். லைசென்ஸ் எங்கயும் போகாது."

பூவராகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது, வராமலே இருந்திருக்கலாம்.

"மருந்தும் ஒண்ணு, உடம்பும் ஒண்ணு. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஏறுச்சு?"

"ஒரே ஒரு வித்தியாசம்," என்றார் மெர்சி. "நீங்க என்ன சாப்பிடுறதா எங்ககிட்ட சொல்றீங்களோ, இவர் அதை மட்டும்தான் சாப்பிடுறார். கம்பங்கூழ், கீரை, ராத்திரிக்கு ரெண்டே சப்பாத்தி."

தமயந்தி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். லாரி நிறுத்தத்து உணவு அச்சு இயந்திரம் நாள் தவறாமல் சுடச்சுட அச்சடித்துத் தந்த ஜாங்கிரிகள் பூவராகனின் நினைவில் வரிசையாக வந்து போயின.

"இனிமே உள்ளதைச் சொல்லுங்க. அதையே இவருக்கும் கொடுத்துப் பார்ப்போம்," என்றார் மெர்சி.

திரையில் தொப்பை இல்லாமல், தெளிந்த முகத்தோடு நின்ற அந்த மனிதரைப் பூவராகன் வெகுநேரம் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"வேணாம் டாக்டரம்மா," என்றார். "நல்லா இருக்கிற மனுஷனை நாம ஏன் கெடுக்கணும்?"