லான் அழித்த வட்டு

"என் கம்ப்யூட்டர் வட்டை அழிச்சிட்டுப் போயிட்டா" என்று சொல்லிக்கொண்டே, ஈரக் குடையோடு உள்ளே வந்தார் சூய். பார்வையற்ற மாணவர்களுக்குப் பிரெயில் புத்தகம் அச்சிடும் சிறிய அச்சகம் ஒன்றைத் தைபேயில் நடத்திவந்தவர் அவர்.

காப்பீட்டு விசாரணை வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கியிருந்த நியே அம்மையார் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "யாரு?"

"டைப் பண்ற லான். கணக்குப் பாடப் புத்தகம் முழுக்க அவதான் அதுல ஏத்தினா. முந்தாநாள் சாயங்காலம் லீவு விஷயமா எங்கிட்ட சண்டை போட்டுட்டுக் கிளம்பினா. நேத்து கம்ப்யூட்டரைப் போட்டா, அச்சகத்தோட பேரு வருது, அப்படியே நின்னுடுது. அவதான் பண்ணினான்னு, புத்தகம் கேட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கும் போன்ல சொல்லிட்டேன்."

நியேயின் கணவர் கெங் அதற்குள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "அவ வீட்டுக்கே போயிடுவோமா?"

"நீங்க கோட்டு மாட்டினதும் திருடன் பயந்து ஓடியாந்துடுவானா? முதல்ல வட்டைப் பாப்போம்."

அச்சக மேசையை ஒரு புது ஜெராக்ஸ் இயந்திரம் அடைத்திருந்தது. கணினிப் பெட்டி கீழே, சுவரோரம் நின்றது. அதன் முகப்பில் பொறித்திருந்த எழுத்துகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பழுதுபார்க்கும் ஹுவாங் கையில் ஒரு ஃபிளாப்பியோடு குந்தியிருந்தான்.

"லோ லெவல் ஃபார்மட் போடப் போறேன். தடங்களையே புதுசாக் கீறிட்டா வட்டு பழையபடி ஓடும்."

"உள்ள இருக்கிற புத்தகம்?"

"அதான் ஏற்கெனவே போயிடுச்சே."

"கையை எடுங்க தம்பி" என்றார் நியே, குரலை உயர்த்தாமல். "சூய் சார், லானைக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டதாச் சொல்லுங்க."

லான் வந்து கதவருகிலேயே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வட்டை மொத்தமா அழிச்சிருந்தா, அச்சகத்தோட பேரு எங்கேருந்து வருது?" என்று தொடங்கினார் நியே. "அதுவும் அதே வட்டுலதானே இருக்கு? அப்ப ஒண்ணும் அழியல. பாதி படிக்க முடியுது, பாதி முடியல. ஹுவாங், இந்த வட்டுக்கு முதல்ல ஃபார்மட் போட்டது யாரு?"

"நான்தான். இதே மேசை மேல."

"படுக்க வச்சா?"

ஹுவாங், நிமிர்ந்து நின்ற பெட்டியைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "ஆமா… படுக்க வச்சுத்தான்."

"இந்தப் பழைய வட்டுல, படிக்கிற ஊசி தடத்தைத் தானாத் தேடாது. தடம் கீறினப்ப பெட்டி எப்படிப் படுத்திருந்துச்சோ அப்படியே இருந்தாத்தான் ஊசி சரியான இடத்துல போய் நிக்கும். பெட்டியை நிமிர்த்தினா, ஊசி தன் கனத்துலயே ஒரு மயிரிழை நகர்ந்துடும். முன்னால ஒரு காப்பீட்டு வழக்குல பாத்தேன். சூய் சார், பெட்டியை நிமிர்த்தினது யாரு?"

சூய் ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பார்த்தார். "நேத்து காலையில இது வந்துச்சு. இடம் போதல. நான்தான்…"

கெங் பெட்டியை மெதுவாகப் படுக்கவைத்து இயக்கினார். உள்ளே டிக் டிக்கென்று சத்தம். அச்சகத்தின் பெயர் வந்தது. சற்றுப் பொறுத்து, முதல் அத்தியாயம் திரையில் விரிந்தது.

சூய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "லான், நான் ஏதோ அவசரத்துல…"

"எங்கிட்ட இல்ல சார். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். திக்கித் திணறி, தவறு தன்னுடையது என்று தலைமையாசிரியரிடம் சொல்லி முடிக்கும்வரை அவள் நின்று கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, வட்டில் இருந்ததை ஒவ்வொரு ஃபிளாப்பியாகப் பிரதி எடுக்கத் தொடங்கினாள்.

"நாளைக்கு வருவே இல்ல?" என்றார் சூய்.

"புத்தகம் முடியறவரைக்கும் வர்றேன்" என்றாள் லான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. அதுக்கப்புறம் வேற ஆளைப் பாத்துக்குங்க."