முதல் கியரில் ஒரு மரணம்

"அப்பா...!"

லாரி ஷெட்டே அதிரும்படி அலறினாள் முதலாளியின் மகள்.

ராத்திரி முழுக்கச் சரிவின் மேலே நின்ற பழைய லாரி, இப்போது கீழே சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. சரிவின் நடுவில் முதலாளி கிடந்தார். கையில் சுத்தியல் இருந்தது. உயிர்தான் இல்லை.

அந்த நேரம் பார்த்தா டிரைவர் உள்ளே வர வேண்டும்?

அதுவும் தோளில் லாரியின் கியர் ராடோடு!

"இவன்தான்!" பாய்ந்தாள் மகள். "நேத்து அப்பா திட்டினதுக்கு, 'ஒரு நாள் நீங்களே இதை எடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்'னு கத்தினான்!"



அரைமணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஏட்டோடு வந்தார். லாரியை லேசாகத் தள்ளிப் பார்த்தார். தள்ளுவண்டி மாதிரி நகர்ந்தது.

"நியூட்ரல்!" டிரைவரிடம் திரும்பினார். "ராடை ஏன்யா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறே? தலைக்கு வெச்சுப் படுக்கவா?"

"கதவு பூட்டாது சார். ஒரு தடவை வண்டியைத் திருடிட்டே போயிட்டாங்க. அதுலேர்ந்து சாயங்காலம் முதல் கியர்ல போட்டு, ராடைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருவேன். ராடு இல்லாம எவன் ஓட்டுவான்?"

"ஹேண்ட் பிரேக்?"

"பேருக்குத்தான் இருக்கு. அதனாலதான் முதல் கியர். போதாததுக்கு சக்கரத்துக்கு முன்னாடி முட்டுக்கட்டை. காலையில சுத்தியலால கட்டையைத் தட்டி எடுத்துட்டு ஏறுவேன். கியர் பிடிச்சுக்கும், வண்டி அசையாது."

"இன்னிக்கு அசைஞ்சிருக்கே!"

"சார்... பொண்டாட்டிக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன். பொண்ணு பொறந்திருக்கா. அதான் லேட்டு. முதலாளிக்குப் பொறுமை இல்லை, நான் வந்ததும் வண்டி கிளம்பட்டும்னு அவரே கட்டையைத் தட்டிட்டார் போல. ஆனா நான் முதல் கியர்லதான் விட்டேன் சார்! எம்பொண்ணு மேல சத்தியம்!"

"ராடு உன் தோள்ல. கியர் நியூட்ரல்ல. வேற யாரைய்யா பிடிக்கறது? ஏட்டு, விலங்கு!"

டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதான். பெற்ற பிள்ளையைச் சரியாகத் தூக்கக்கூட இல்லையே பாவி!

"சார், சார்... நிறுத்துங்க!"

ஓடி வந்தான் ஷெட் மெக்கானிக். முதலாளியின் வருங்கால மருமகன். டிரைவரின் உயிர்த் தோழன். வந்த வேகத்தில் டிரைவரைக் கட்டிக்கொண்டான்.

"இவன் என் பங்காளி சார். ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. கொலை பண்ற ஆளில்லை. பொண்டாட்டி நினைப்புல நியூட்ரல்ல விட்டிருப்பான். மறதி சார், வெறும் மறதி!"

"டேய், நான் மறக்கலடா!"

"ஒத்துக்கடா பங்காளி. கொலைக் கேஸ் ஆகாது. சீக்கிரம் வந்துரலாம்."

என்ன அக்கறை, என்ன அக்கறை!

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கைப் பார்த்தார். "ராடு இல்லாம கியரை மாத்த முடியாதா?"

"சான்ஸே இல்லை சார்."

டிரைவரின் அழுகை சட்டென்று நின்றது.

"முடியுமேடா! நடுரோட்டுல ராடு முறிஞ்சப்ப, ராடு செருகற ஓட்டைக்குள்ள பெரிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு நீதானே நெம்பிக் காட்டினே?"

"அ... அது எப்பவோ..."

"மூணு பேரும் வாங்க வண்டி மேலே," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு முன்னே தள்ள, இரண்டு பேரும் கேபினுக்குள் ஏறினார்கள்.

"டிரைவர், ராடை எப்படிக் கழட்டுவே? தொடாம வாயால சொல்லு."

"ரப்பர் உறையை மேலே தூக்கணும். உள்ளே ஒரு மூடி. அதை அழுத்திப் பிடிச்சு இடது பக்கமா திருகணும். ஸ்பிரிங் எம்பும். அப்படியே ராடை உருவிட வேண்டியதுதான்."

"அப்புறம்?"

"ரப்பரைக் கீழே இழுத்து விட்டுட்டுப் போயிருவேன்."

"ஓட்டையை எதாலயும் அடைக்கமாட்டே?"

"மாட்டேன் சார். இவன் கூட அதுக்குத் தினம் திட்டுவான். 'உள்ளே தூசி விழுந்தா கியர் பாக்ஸ் செத்துரும்டா, ஒரு துணியை வை'னு தலைபாடா அடிச்சுக்குவான். எனக்கு எங்கே பொறுமை?"

இன்ஸ்பெக்டர் குனிந்து ரப்பர் உறையைத் தூக்கினார்.

ஓட்டையில் ஒரு மஞ்சள் துணி! நாலாக மடித்து, ஓரமெல்லாம் அழகாகச் செருகி...

ஏட்டு மெக்கானிக்கின் பின் பாக்கெட்டிலிருந்து ஒரு துணியை உருவினார். அதே மஞ்சள்.

"கொலை பண்ண வந்த இடத்துலயும் தொழில் பக்தி!" சிரித்தார் இன்ஸ்பெக்டர். "ஓட்டையைத் திறந்து போட்டுட்டுப் போக மனசு வரலை, இல்லே?"

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டான். "சத்தியமா முதலாளியைக் கொல்ல நினைக்கலை சார்!"

"தெரியும்யா. அவர் வருவார்னு உனக்கெப்படித் தெரியும்?"



டிரைவர் மெதுவாக நிமிர்ந்தான்.

"டேய்... தினமும் அந்தக் கட்டையைத் தட்டறது நான்தானேடா?"

மெக்கானிக் தலை குனிந்தான்.

"எனக்காடா? எனக்கா வெச்சே?"

"நீ... நீ ஏன்டா கண்டுபிடிச்சே? பிரேக்குக்கு வந்த புது சாமானை நான் வித்துட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லுவேன்னியே! கல்யாணமே நின்னு போயிருக்கும்டா!"

"நான் எங்கேடா சொல்லுவேன்னேன்? 'காலையில நீயே போய்ச் சொல்லிடு, நான் கூட நிக்கறேன்'னுதானே சொன்னேன்! சிநேகிதன்னு உனக்கு ஒரு ராத்திரி விட்டுக்கொடுத்தேன். அந்த ராத்திரியிலயா எனக்குக் குழி வெட்டினே?"

 விலங்கைக் கழற்றிய ஏட்டுக்கே கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா தன்னோட எமனையேதான் மாப்பிள்ளையா பார்த்தாரா?"

கேபின் வாசலில் முதலாளியின் மகள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

பளார்!

மெக்கானிக்கின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தன. பிறகு டிரைவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.  அவன் ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் விறுவிறுவென்று நடந்தான்.

மெக்கானிக்கை ஜீப்பில் ஏற்றினார்கள். சாவியைத் திருகிய ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"சார், ஜீப் ஸ்டார்ட் ஆகலை. தள்ளணும்."

"உள்ளே இருக்கானே மெக்கானிக், அவனையே இறக்கித் தள்ளச் சொல்லு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அவனோட சிநேகிதன் எவனாவது இருந்தா, தயவுசெஞ்சு முன்னாடி நிக்காதீங்கய்யா!"