11.40-க்கு ஒரு கட்டைவிரல்

"வீல்...!"

அலறியது யார் என்று திரும்பிப் பார்த்தான் அவன்.

எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

பவர் பிரஸ் மறுபடி மேலே ஏறியது. அவனுடைய வலது கட்டைவிரல் மட்டும் கீழேயே கிடந்தது.

பதினேழு நாள் கழித்து விசாரணை.

நடுவில் தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா. ஒரு பக்கம் சூப்பர்வைசர். நிமிடத்துக்கு நாலு பீஸ் கூடுதலாக வர வேண்டும் என்று பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்ன புண்ணியவான். தொழிலாளிகள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச்.

மறுபக்கம் கட்டுப்போட்ட கையோடு அவன். அருகே மனைவி. அவளுடைய தம்பி. தம்பிக்கும் அதே பிரஸ் ஷாப்பில்தான் வேலை. வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை.

விபத்து உள்ளே நடந்தது என்று முடிவானால் நஷ்டஈடு, கைக்கேற்ற வேறு வேலை. இல்லையென்றால்... நடுத்தெரு!

பிரஸ் ஷாப்பில் இருபது பேர். கூப்பிட்டுக் கேட்டபோது இருபது பேருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. வயிறு இருக்கிறதே!

"மேடம், அன்னிக்கு இவர் உடம்பு சரியில்லன்னு பாதியிலேயே கிளம்பிட்டார். வெளிய எங்கயோ அடிபட்டுட்டு எங்க தலைல மிளகா அரைக்கப் பாக்கறார்!" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"ஆதாரம்?"

"கைரேகை மெஷின்! வெளிய போன நேரம் 11.40. பெரிய ஆஸ்பத்திரில சேர்ந்தது பன்னெண்டரை. மெஷின் பொய் சொல்லுமா?"

மனைவி பர்ஸைக் குடைந்தாள். கசங்கிய சீட்டு ஒன்றை நீட்டினாள்.

"மேடம்... முதல்ல தெருமுனை கிளினிக்லதான் இவருக்குக் கட்டுப் போட்டாங்க."

ஆய்வாளர் படித்தார். புருவம் ஏறியது.

"வலது கட்டைவிரல் முழுசா துண்டிப்பு. நேரம் 11.20... ஏன் சார், மெஷின்ல இவரோட எந்த விரல் பதிவாகியிருக்கு?"

"வலது... கட்டை..."

ஸ்டாப்வாட்ச் நின்றுபோனது.

"11.20-க்கே துண்டான விரல், 11.40-க்கு எப்படி மெஷினுக்கு வந்துச்சு? தானா நடந்து வந்துதா?"

அவனுக்கு அன்றைய ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

'விரல் வந்தா ஒட்டிடலாம்ப்பா' என்று சாயங்காலம் வரை காத்திருந்தார் டாக்டர். விரல் வரவேயில்லை. 'எங்க தேடியும் கிடைக்கல மாமா' என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதவன் மச்சினன்...

இப்போதும் ஓர் அழுகை வெடித்தது. அதே மச்சினன்!

"நான்தான் மாமா வெச்சேன்!"

"டேய்... என்னடா சொல்றே?" மனைவி தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஐஸ் தேடிப் பிடிச்சு, விரலை அதுல போட்டு எடுத்துட்டு ஓடினேன்க்கா. கேட்ல இந்த சூப்பர்வைசர் மறிச்சார். 'வெளிய போறப்ப மெஷின்ல ரேகை, அதான் அவுட் பஞ்ச், இல்லேன்னா உங்க மாமாவுக்கு அரை நாள் சம்பளம் போயிடும்டா'ன்னார். அதாவது மிஞ்சட்டுமேன்னு... தொடைச்சு... வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"'குடு, கார்ல சீக்கிரம் அனுப்பிடறேன்'னு வாங்கிக்கிட்டார். கார் போகவேயில்லக்கா! வாயைத் தெறந்தா, ரேகை வெச்ச நீதான்டா ஜெயிலுக்குப் போவேன்னு..."

பளார்!

தம்பியை அறைந்தவள், அவன் தோளிலேயே சாய்ந்து கதறினாள். அந்த அரை நாள் சம்பளம் மாசக் கடைசியில் ஒழுங்காக வந்திருந்தது. பஞ்சும் பேண்டேஜும் அதில்தான் வாங்கியிருந்தாள்.

ஸ்டாப்வாட்ச் மெல்ல எழுந்தார்.

"உக்காருங்க சார்!" ஆய்வாளர் போனை எடுத்தார். "போலீஸ் வர்ற வரைக்கும் உங்களுக்கு அவுட் பஞ்ச் கிடையாது!"

பிறகு வாக்குமூலத்தை அவன் பக்கம் நகர்த்தினார். குரல் தணிந்திருந்தது.

"கையெழுத்துப் போட வருமா? இல்ல, இடது கை ரேகை வைக்கறீங்களா?"

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். விம்மிக்கொண்டிருந்த மச்சினனைப் பார்த்தான். கண்ணில் முட்டிய நீரோடு உதட்டோரம் ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"மாப்ளையையே வைக்கச் சொல்லுங்க மேடம்... எனக்குப் பதிலா ரேகை வெச்சு அவனுக்குத்தான் பழக்கம்!"